பேச்சிழந்த வானொலி

ஒரு நாட்டின் தேசிய வானொலி விடியற்காலை தொடங்கி இரவுவரை தன் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றது என்பதைக் கவனித்தால், அந்நாட்டின் ஆட்சியாளரும் அறிஞர் குழாமும் பாமர மக்களின் அறிவை எந்த அளவுக்கு மதிக்கின்றனர் என்பது புலனாகும். பத்திரிகை வாங்குவோருக்கு எழுத்தறிவும் காசும் வேண்டும். நூலகத்திற்குச் செல்வோருக்கு ஓய்வும் போக்குவரத்தும் வேண்டும். வானொலியோ கைகள் வேலையில் இருக்கும்போதே காதுவழி நுழைந்துவிடுவது. உலை கொதிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் தேயிலைச் செடிகளின் நடுவே கூடை சுமந்து நிற்கும்போதும் ஒருவரது அறிவுலகை விரிக்கவல்ல சாதனம் அது. அத்தகைய சாதனம் பேச மறந்து பாடிக்கொண்டேயிருக்குமாயின், அதனைக் கண்டியாதிருப்பது கற்றோருக்கு அழகன்று.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்த் தேசிய சேவையை நோக்கியே இக்கண்டனம் எழுகின்றது. அச்சேவை பேச்சை மெல்ல மெல்லக் கைநழுவவிட்டுவிட்டது. அதனால் மற்றெவரினும் மிகுதியாக இழந்தோர் மலையகத் தமிழர். இவ்விழப்பிற்குக் கொழும்பிலுள்ள உத்தியோகத்தர் மட்டுமல்லர், பேராதனையில் தமிழைக் கற்போரும் கற்பிப்போரும் பொறுப்பாளிகளே. இம்மூன்றாவது கூற்று சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் அதனைச் சொல்லாது விடுதல் இயலாது.

பேச்சு வானொலி என்றால் என்ன? செய்தியறிக்கை வாசிப்பதனால் மட்டும் ஒரு நிலையம் பேச்சு வானொலியாகிவிடாது. 1967 செப்டெம்பரில் பிபிசி தன் உள்நாட்டுச் சேவையை ‘றேடியோ நான்கு’ எனப் பெயர் மாற்றியபோது, ஒரு முழுநாளைப் பேச்சினாலேயே நிரப்ப முடியும் என்ற துணிவு அதற்கிருந்தது. காலைச் செய்தி ஆய்வு, பிற்பகல் நாடகம், நூல் வாசிப்பு, அறிவியல் உரை, பாராளுமன்ற நடவடிக்கைத் தொகுப்பு எனப் பலவும் அந்த ஒரே நாளுக்குள் அடங்கின. அந்நாட்டின் புகழ்பெற்ற தொடர்நாடகமான ‘ஆர்ச்சர்ஸ்’ 1951 ஜனவரி முதல் நாள் தேசிய அளவில் ஒலிக்கத் தொடங்கியது. உணவுப் பங்கீடு நிலவிய அக்காலத்தில் உழவர்களுக்கு விவசாய அறிவைக் கதையினூடாகப் புகட்டுவதே அதன் முதல் நோக்கம். ஆங்கிலேயர் செய்ததெல்லாம் உயர்ந்தது என்னும் அடிமை மனப்பான்மையினால் இவ்வுதாரணம் காட்டப்படவில்லை. கேட்போரை வெறும் இரசிகராகக் கருதாது, விளங்கிக்கொள்ள விரும்பும் மனிதராகக் கருதியமைதான் இங்கு நோக்கத்தக்கது.

இப்பண்பு இலங்கைத் தமிழ் ஒலிபரப்பிற்கு அந்நியமானதென எவரேனும் எண்ணினால் அது வரலாறு அறியாமையாகும். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. பேராதனைக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. 1944 இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தினுள்ளே வந்தமர்ந்தது. அப்படையினருக்கெனக் கொழும்பிலிருந்து ‘றேடியோ சீயாக்’ ஒலித்தது. போர் ஓய்ந்தபின் அதன் ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 இல் தனித் திணைக்களமாகிய இலங்கை வானொலி, ஆசியாவெங்கும் கேட்கும் குரலைப் பெற்றது இவ்வாறே. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று.

அக்காலத் தமிழ்ப் பகுதியில் இருந்தோர் யாவர்? பொறுப்பாயிருந்தவருள் ஒருவர் சோ. சிவபாதசுந்தரம். இலண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பிற்குத் ‘தமிழோசை’ எனப் பெயர் சூட்டியவரும், ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. மேடைப் பேச்சு வேறு, ஒலிவாங்கிமுன் பேசும் பேச்சு வேறு என்பதை ஒரு கலையாகவே கருதிய தலைமுறை அது. ‘சானா’ என அழைக்கப்பட்ட சண்முகநாதன் நாடகத் துறையை வளர்த்தார். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ தொடரில் விதானையாராகக் குரல் கொடுத்தவர் பிற்காலத்தில் பேராசிரியராகத் திகழ்ந்த கா. சிவத்தம்பி. பல்கலைக்கழகமும் வானொலியும் ஒன்றையொன்று அருவருக்காத காலம் அது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையாவும் வானொலிக்கு நாடகங்கள் எழுதியவரே. மலையகச் சிறுகதையின் முன்னோடி ஒருவர் வானொலியோடு உறவு பூண்டிருந்தார் என்ற செய்தி, இன்று மலையக இலக்கியத்தை ஆராய்வோர் அடிக்குறிப்பாகக்கூடச் சிந்திக்காத ஒன்றாகிவிட்டது.

சரிவு எங்கே தொடங்கியது? 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவை தொடங்கியமையோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உளர். இது பாதி உண்மையே. 1952 இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடமளிக்க மறுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் செவி உடனே கொழும்பின் பக்கம் திரும்பியது. 1957 இல் இந்தியர் ‘விவித் பாரதி’யைத் தொடங்கும்வரை திரைப்பாடலுக்குக் கொழும்பே புகலிடம், அதன்பின்னும் தமிழ்நாட்டில் இலங்கை வானொலியின் செல்வாக்கு நெடுங்காலம் குன்றவில்லை. விளம்பரப் பணம் வந்தது, புகழும் வந்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலானோர் தமிழை எவ்வளவு தெளிவாக உச்சரித்தனர் என்பதைத் தமிழகத்தாரே வியந்து கூறுவர். அப்பெருமையைக் குறைத்துக் கூறுவது நோக்கமன்று. ஆயினும் அவ்வெற்றி ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிற்று. அறிவிப்பாளர் நட்சத்திரமானார், உரையாளர் மறைந்தார். இரு பாடல்களுக்கிடையே எவ்வளவு இனிமையாகப் பேசுவது என்பதே வானொலித் தமிழின் உச்சமெனக் கொள்ளப்பட்டது. பாடலுக்கு முன்னும் பின்னும் வரும் தமிழ், பாடலின் பணியாளாகிய தமிழ்தானே?

விளம்பரப் பணம் பேச்சைக் கொன்றே தீரும் என்பதும் சரியன்று. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வர்த்தக சேவையிலேயே ஒலித்தது. மக்கள் அதற்காகக் காத்திருந்து கேட்டனர். எஸ். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் பெற்ற வரவேற்பினாலேதான் 1976 இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. ஆகவே பேச்சைக் கைவிட்டமை வணிகத்தின் கட்டாயத்தால் நேர்ந்ததன்று. அது சோம்பலின் விளைவு. ஒரு மணி நேர நாடகத்திற்கு எழுத்தாளர் வேண்டும், நடிகர் வேண்டும், ஒத்திகை வேண்டும், ஊதியம் வேண்டும். ஒரு மணி நேரப் பாடல்களுக்கு ஒருவரும் ஒரு கணினியும் போதும்.

1998 இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலை வானொலிகள் வந்தபின் இச்சோம்பலுக்கு ஒரு சாட்டும் கிடைத்தது. போட்டியாம்! கூட்டுத்தாபனத்திடம் பாடலுக்கென்றே ‘தென்றல்’ இருக்கிறது. தேசிய சேவை இன்னொரு தென்றலாக வேண்டிய தேவை என்ன? தனியார் நிலையம் தன் முதலுக்கு இலாபம் தேடும். அதனை எவரும் குறை கூற முடியாது. பொதுமக்களின் பணத்தில் இயங்கும் நிலையம் தனியாரைப் பார்த்து ஆடுவது, கல்லூரி ஒன்று களியாட்ட விழாவோடு போட்டியிடுவது போன்றது.

இன்றைய தேசிய சேவையில் பேச்சே இல்லை என்று கூறுவது அநியாயம். செய்தி உண்டு, சமய நிகழ்ச்சிகள் உண்டு, முஸ்லிம் சேவை உண்டு, இலக்கியக் கலந்துரையாடலும் நாடகமும் முற்றாக அற்றுப்போய்விடவில்லை. ஆனால் அவை நாளின் எலும்பாக இல்லை. பாடலும் வாழ்த்துமாகிய சதையினுள்ளே சிக்கிய துணுக்குகளாகவே அவை இருக்கின்றன. விந்தை யாதெனில், இலங்கைத் தமிழ் வானொலியில் மக்கள் மிகவும் உற்றுக் கேட்ட பேச்சு எதுவென்று வினவினால் பலரும் மரண அறிவித்தலையே சொல்வர். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் எனத் தொடரும் அந்த அறிவித்தலில் ஊர் உண்டு, உறவு உண்டு, இடப்பெயர்வின் வரலாறு உண்டு. உயிரோடிருப்போரைப் பற்றி அவ்வளவு துல்லியமாக அவ்வானொலி எப்போது பேசியது?

மலையகத்தின் பக்கம் திரும்பும்போது இவ்வினா கூர்மையடைகின்றது. கண்டி நகரிலிருந்து கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, றங்கலை என எத்திசையிற் சென்றாலும் தேயிலைத் தோட்டங்கள் எதிர்ப்படும். ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் வாணிபத்திற்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இப்பகுதியிலேயே உள்ளது. அங்கே வாழ்வோரின் பகல் எவ்வாறு கழிகின்றது? கொழுந்து பறிக்கும் பெண் வெளிச்சம் வருமுன் எழுகின்றாள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்களத்திற்குச் செல்கின்றாள். பகல் முழுதும் மலை. இடையிடையே கொழுந்து நிறுவை. எடை குறைந்தால் அரைப்பேர். மாலையில் இறங்கி வந்தபின் தண்ணீர், விறகு, சமையல். அவளுடைய ஓய்வு என்பது லயத்தில் விளக்கணைக்கும் முன் கிடைக்கும் சிறுபொழுதே.

இந்த நாளுக்கும் வானொலியின் நாளுக்கும் எங்கே பொருத்தம்? மகளிர் நிகழ்ச்சியைப் பகற்பொழுதில் வைப்பது வானொலிகளின் பழைய வழக்கம். கணவன் கந்தோருக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் மத்தியதர வர்க்கத்துப் பெண்ணை மனத்திற்கொண்டு அமைந்த வழக்கம் அது. மலையில் நிற்கும் பெண் அந்தப் ‘பெண்’ என்ற வரையறைக்குள் வரவேயில்லை. கிராம சஞ்சிகை போன்ற நிகழ்ச்சிகள் உழவரை நோக்கிப் பேசின. யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் மொழியிலேயே பேசிச் சிறப்பும் பெற்றன. தோட்டத் தொழிலாளியோ உழவருமல்லர், நகரத்துத் தொழிலாளியுமல்லர். அவருக்கென ஒதுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் இருந்ததுண்டு. ஒதுக்கீடு என்ற சொல்லே நிலைமையை விளக்கும். விருந்தில் இலை போட இடமில்லாதவருக்குத் திண்ணையில் சோறு வைப்பது போன்றது அது.

மொழியை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். மேற்கூறிய கோமாளிகள் நால்வரையும் நினைத்துப் பார்க்கலாம். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழைப் பேசினார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ஐயர் தமிழகத்து அந்தணர் தமிழைப் பேசினார். நாட்டின் பல்வகைத் தமிழையும் ஒரே மேடையிற் கூட்டிய அந்த அருமையான கற்பனையிலும், இந்த நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரத்தை ஒன்றரை நூற்றாண்டாகத் தோளில் சுமந்த மக்களின் தமிழுக்கு ஐந்தாவது கோமாளியாக நிற்கும் இடங்கூடக் கிடைக்கவில்லை. நகைச்சுவைக்கும் தகுதியற்றவராக ஒரு சமூகம் மறக்கப்படுவது ஏளனத்தினும் கொடியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. சட்டம் பின்னர் திருத்தப்பட்டது, குடியுரிமை மீண்டது. வானலையில் அவர்களுக்குரிய குடியுரிமை மட்டும் இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை.

இதற்கு எதிராக வழக்கமாக எடுத்துரைக்கப்படும் வாதம், மக்கள் பாடலையே விரும்புகின்றனர் என்பதாகும். மக்களின் பெயரால் மக்களை இழிவுபடுத்தும் வாதங்களுள் இது முதன்மையானது. போர்க்காலத்தில் இரவு ஒன்பதேகால் மணியானதும் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வீட்டுக்கு வீடு ‘தமிழோசை’ ஒலித்ததை மூத்தோர் அறிவர். அரைமணி நேரம் பாடலே இல்லாத பேச்சு! இரைச்சலுக்கிடையே முள்ளைத் திருகித் திருகிச் சிற்றலையில் அதைத் தேடிக் கேட்டவர்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மட்டுமல்லர். 2017 ஏப்ரல் இறுதியில் அந்த வானொலிச் சேவை நிறுத்தப்பட்டபோது, அவ்வெற்றிடத்தை நிரப்பத் தேசிய சேவை ஓர் அடியேனும் முன்வைத்திருக்க வேண்டாமா? இலண்டனிலிருந்து வந்த தமிழ்ப் பேச்சுக்கு இருந்த செவிகள் கொழும்பிலிருந்து வரும் பேச்சுக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

தமிழகத்திலிருந்தும் ஒரு சான்று தரலாம். 1960 களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்ட தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லினத்தைப் பயிரிட்டனர். அந்த நெல்லுக்கே அவர்கள் இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’. பேச்சு வயலில் முளைத்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கிலோ எவ்வளவு, சேமலாப நிதிக்குக் கழிக்கப்படுவது எவ்வளவு, முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பனவற்றை நாளும் எளிய தமிழில் விளக்கும் ஒரு குரல் எவ்வளவு பயன் தந்திருக்கும்! சம்பளச் சீட்டை வாசித்து விளங்கிக்கொள்ள உதவும் பதினைந்து நிமிடப் பேச்சு, நூறு மேடைகளில் முழங்கப்படும் வீரவசனத்தினும் மேலானது. தொழிற்சங்கத் தலைவர்கள் இதனை விரும்புவார்களா என்பது வேறு வினா.

மற்றொரு வாதம், கைத்தொலைபேசியும் காணொளியும் வந்துவிட்ட காலத்தில் வானொலிப் பேச்சு எதற்கு என்பது. இதற்கு விடையை 2025 நவம்பர் இறுதி கூறிற்று. நவம்பர் 28 ஆம் நாள் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது. மின்சாரம் அற்றது, தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன, பாதைகள் சரிந்தன. இடர் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. மின்கலம் இட்ட ஒரு சிறு வானொலிப் பெட்டியே அத்தகைய இரவில் எஞ்சும் உறவு. அந்த உறவு வழமையான நாள்களில் பேசிப் பழகியிருந்தால்தான் ஆபத்து வேளையில் அதன் சொல்லை மக்கள் நம்பி எழுவர். ஆண்டு முழுதும் பாடிக்கொண்டிருந்த குரல் ஒருநாள் இரவில் ‘வெளியேறுங்கள்’ என்றால் அது செவியில் விழுமா? 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோதும் இதே பாடம் கிடைத்தது. அவ்விடம் அபாயமானதென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தல் என்பது ஒரு கடிதத்தோடு முடிந்துவிடுவதன்று; திரும்பத் திரும்பப் பேசப்பட வேண்டியது. டித்வா வீசிப் பதினெட்டு நாள் கழிய, 2025 டிசம்பர் 16 ஆம் நாள் இலங்கை ஒலிபரப்பின் நூறாவது ஆண்டு நிறைவெய்தியது. நூறாண்டு வானொலி மலையக மக்களுக்கு என்ன செய்தது என்று வினவ அதனினும் பொருத்தமான வேளை வேறில்லை.

கண்டியில் ஒலிபரப்பு வசதி இல்லையா என்றால், உண்டு. ஹந்தானை மலையுச்சியில் அலைபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் கீழே சரிவில் லயங்கள் நிற்கின்றன. அடிவாரத்தில் பல்கலைக்கழகம் நிற்கின்றது. கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவை ‘கந்துரட’ என்னும் சிங்களப் பெயரோடு கண்டியில் இயங்குகின்றது. கம்பளைக்கு அப்பால் கொத்மலையில் 1989 இல் சமுதாய வானொலி தோன்றியது. 1998 இல் யுனெஸ்கோவின் துணையோடு அது இணையத்தையும் வானொலியையும் இணைத்து, கிராமத்தார் கேட்ட வினாக்களுக்குரிய விடைகளைத் தேடியெடுத்து வானலையில் விளக்கியபோது உலகமே அதனைப் போற்றிற்று. பேச்சு வானொலியின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று மலைநாட்டின் நடுவிலேயே உருவானது. ஆனால் அது முதன்மையாகச் சிங்களத்தில் பேசியது. அவ்வானொலியைக் கட்டிய சிங்களக் கிராமத்தவரைக் குறை கூறுவதற்கு எதுவுமில்லை; அவர்கள் தம் வேலையைச் செய்தனர். சுற்றிலும் தமிழ்த் தோட்டங்கள் சூழ்ந்த ஓரிடத்தில் நடந்த அம்முயற்சியின் தமிழ் வடிவத்தை உருவாக்க முன்வராதோர் தமிழரே.

இங்கேதான் பேராதனையைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 1952 இல் கலைப்பீடம் இங்கு வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ எனக் கூத்தை மேடையேற்றி, நாட்டார் கலைக்குப் பல்கலைக்கழக மதிப்பைத் தேடித் தந்தார். அதன் பெருமை என்றும் நிலைக்கும். ஆயினும் மட்டக்களப்பின் கூத்தைத் தேடிச் சென்ற பல்கலைக்கழகம், ஹந்தானைச் சரிவில் மாசி மாதத்தில் ஒலிக்கும் காமன் கூத்தின் தப்பொலிக்குச் செவிகொடுக்க நெடுங்காலம் எடுத்தது. இன்று ஆய்வுகள் பெருகியுள்ளன. மலையக நாட்டார் பாடல், மலையக நாவல், மலையகப் பெண்கள் எனத் தலைப்புகள் ஆண்டுதோறும் பதியப்படுகின்றன. அவ்வேடுகள் தட்டச்சாகி, கட்டப்பட்டு, நூலக அலுமாரியில் உறங்குகின்றன. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் செவிக்கு ஒரு வரியும் எட்டுவதில்லை. கூட்டுத்தாபனம் அழைக்கவில்லை என்று விரிவுரையாளர் கூறலாம். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எத்தனை பேர்? வானொலிக்கு எழுதுவது தரக்குறைவு என்னும் எண்ணம் கலைப்பீடத்துள் எங்கிருந்து நுழைந்தது? மாணவரும் தப்பிவிட முடியாது. பட்டிமன்றத்திற்கு நூறு பேர் எழுந்து நிற்பர். ஒலிவாங்கிமுன் ஐந்து நிமிடம் கையசைக்காமல், குரலுயர்த்தாமல், ஒரு விடயத்தை விளக்கமாகச் சொல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பேசுவதற்குப் பொருள் இல்லையென்று எவரும் கூறவேண்டாம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி வீழ்ந்தார். அவ்வேலைநிறுத்தம் வானொலி நாடகத்திற்கென்றே அமைந்த கதை. மேடைகளில் பாடியே தொழிலாளரை எழுச்சிகொள்ளச் செய்த மீனாட்சியம்மையும் அவர் கணவர் கோ. நடேசய்யரும் ஒரு தொடருக்குப் போதுமானவர்கள். தெல்தோட்டைப் போப்பிட்டியிற் பிறந்து ‘கண்டிக் கலம்பகம்’ பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைக் கண்டித் தமிழ் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சம், கண்டி ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் இட்ட கையொப்பங்களின் எழுத்துப் பற்றிய வாதம், கொக்கோவும் மிளகும் பயிரிடும் மாத்தளைத் தோட்டங்களின் நிலை, அக்குறணையிலும் கம்பளையிலும் பேசப்படும் முஸ்லிம் தமிழின் சொல்வளம் எனப் பொருள் குவிந்து கிடக்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சென்று திரட்டிய பாடல்களைத் தொழிலாளரே பாடி, அவற்றின் பொருளை அவர்களே விளக்கும் நிகழ்ச்சி ஒன்று வருமாயின், அங்கே பாடலும் பேச்சும் பகைகொள்ளா.

இவையெல்லாம் சலுகை வேண்டிக் கையேந்தும் விண்ணப்பங்கள் எனக் கருதுவதும் தவறு. 1995 பெப்ரவரியில் கூட்டுத்தாபனம் தன் கல்விச் சேவையில் நடந்துவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியது. அந்நிகழ்ச்சியிற் பங்குகொண்டுவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். நிகழ்ச்சியில் பங்குபற்றிவந்த அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென 1996 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய வழக்கிலும், வானலைகள் பொதுமக்களின் சொத்து என அதே நீதிமன்றம் வலியுறுத்திற்று. கேட்பவர் வெறும் கேட்பவரல்லர் என்பது இந்நாட்டில் நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட கொள்கை. சட்டம் பயிலாத தமிழ் மாணவரும் இத்தீர்ப்புகளைப் படித்திருக்க வேண்டும். படித்திருந்தால் வாழ்த்துப் பாடல் கேட்டு அஞ்சலட்டை அனுப்பியதோடு நேயர் உரிமை முடிந்துவிட்டதென எண்ணியிருக்கமாட்டார்.

ஆகவே கேட்க வேண்டியது முழுநாள் ஒலிபரப்பையன்று. தேசிய சேவையின் நாளில் காலையில் ஒரு பகுதியும் இரவில் ஒரு பகுதியும் கண்டியிலிருந்து, மலையக மக்களின் குரலில், பேச்சாக வரவேண்டும். இரவுப் பகுதி லயத்தில் வேலை முடிந்த பின்னரே தொடங்க வேண்டும். நாடகமும் நேர்காணலும் சட்ட விளக்கமும் அதற்குரியன. காலைப் பகுதி பிரட்டுக்கு முன் முடிந்துவிட வேண்டும். அதில் முதலில் வரவேண்டியது மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என அளவு வகுத்துள்ளது. முதல்நாள் தெல்தோட்டையில் எவ்வளவு, புசல்லாவையில் எவ்வளவு, றங்கலையில் எவ்வளவு என்று ஊர்ப்பெயரோடு அந்த எண்ணைத் தமிழில் வாசிக்க இரண்டு நிமிடம் போதும். அதை வாசிப்பதற்கும், எண்ணின் பொருளைத் தோட்டத்துத் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கும் ஆள் இல்லையெனக் கூட்டுத்தாபனம் கூறுமாயின், ஹந்தானை அடிவாரத்தில் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கின்றது.